வளைகாப்புக் கப்கேக்குகளுக்கு ஃபாண்டன்ட் கிளிகள்: அச்சில் ஒட்டாமல், மூக்கு உடையாமல் எடுப்பது எப்படி?

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஐப்பசியில் என் இளைய நாத்தனாருக்கு மயிலாப்பூரில் வளைகாப்பு. தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு கப்கேக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. 48 கப்கேக்குகளையும் பெங்களூரிலேயே செய்து காரில் எடுத்து வருவதாக நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பச்சைக்கிளி, ஒரு சிவப்பு வளையல், ஒரு சிறு மாங்காய் வைக்க எண்ணியிருக்கிறேன்.

என் மாமியார் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். சங்கராந்திக்கு எள்ளு வெல்லத்தோடு கொடுக்கும், சக்கரை அச்சு எனப்படும் சர்க்கரைப் பொம்மைகளை அவர்கள் வீட்டில் கடையில் வாங்கியதே இல்லை என்பதால், பழைய மர அச்சுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் இருக்கும் கிளியின் இறகு வரிகள் எந்தக் கடை அச்சிலும் நான் காணாத அழகு. அதில்தான் கிளிகளைச் செய்ய வேண்டும் என்று தீர்மானித்து, மாமியார் சொன்னபடியே அச்சை இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, கேக் அலங்காரத்துக்கான சர்க்கரை மாவான ஃபாண்டன்டை அழுத்தினேன். அது மரத்தோடு பசைபோல் ஒட்டிக்கொண்டது. ஊசியால் கிளறித்தான் எடுக்க முடிந்தது.

பிறகு ஒரு சிலிகான் கிளி அச்சு வாங்கினேன். அதில் உடல் நன்றாக வருகிறது. ஆனால் பத்தில் ஏழு கிளிகளுக்கு மூக்கு அச்சுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வளையலுக்காகச் சிவப்பு ஜெல் நிறமி சேர்த்த மாவோ கையில் பிசுபிசுக்கிறது. நான் பயன்படுத்துவது கடையில் கிடைக்கும் ஆயத்த ஃபாண்டன்ட். என் தவறு எங்கே இருக்கிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

அச்சுவெல்லம் எழுதியது:

வணக்கம் சகோதரி. தவறு உங்கள் கையிலும் இல்லை, அச்சிலும் இல்லை; மாவின் பதத்தில் இருக்கிறது. ஆயத்த ஃபாண்டன்ட் என்பது கேக்கின் மேல் போர்வையாகப் போர்த்துவதற்காகச் செய்யப்பட்ட மாவு. போர்த்தும்போது கிழியாமல் நீள வேண்டும் என்பதற்காகவே அதில் குளுக்கோஸ் பாகும் கிளிசரினும் சேர்க்கிறார்கள். அந்த நெகிழ்ச்சிதான் அச்சு வேலைக்குப் பகை. கிளியின் மூக்கு போன்ற மெல்லிய பகுதி, இழுத்தால் நீளும் மாவில் ஒருநாளும் முழுதாக வெளிவராது.

250 கிராம் ஃபாண்டன்டுக்கு ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. பொடி (மாவை இறுகச்செய்யும் செல்லுலோஸ் பொடி) சேர்த்துப் பிசையுங்கள். டைலோஸ் என்ற பெயரிலும் இது கிடைக்கும். பிசைந்த உடனே வித்தியாசம் தெரியாது. பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி இரண்டு மணி நேரமாவது வைத்தால், பொடி மாவிலுள்ள ஈரத்தைக் குடித்து இறுகும். பதம் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு சிறு உருண்டையை இரு விரல்களால் பிடித்து மெதுவாக இழுங்கள். ரப்பர்போல நீண்டால் இன்னும் ஆகவில்லை. சற்றே நீண்டு சுத்தமாக அறுந்தால் ஆகிவிட்டது. கையில் பிடித்தால் விரல்ரேகை பதிய வேண்டும், ஆனால் விரலோடு மாவு வரக் கூடாது.

அழுத்தும் முறையும் முக்கியம். பலர் மாவைக் கிள்ளி அப்படியே அச்சுக்குள் திணிக்கிறார்கள். அப்படிச் செய்தால் கிள்ளிய மடிப்பு கிளியின் முகத்தில் விரிசலாக வந்து நிற்கும். உள்ளங்கையில் துளி வனஸ்பதியைத் தடவி, மாவை ஒரு கீறல்கூட இல்லாமல் வழுவழுப்பான உருண்டையாக உருட்டுங்கள். மூக்குப் பக்கம் வரும் முனையைக் கூம்பாக்கி, அந்தக் கூம்பை முதலில் மூக்குக் குழிக்குள் இறக்கி விரல்நுனியால் அழுத்திய பிறகே உடலை நிரப்ப வேண்டும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள். மிச்சத்தைக் கத்தியால் அச்சின் மட்டத்துக்குச் சீவும்போதும் கத்தி நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போகட்டும். ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் விளிம்பு பிய்ந்துவிடும்.

எடுக்கும்போது மாவைத் தொடாதீர்கள். அச்சைக் கவிழ்த்து, சிலிகானை மாவிலிருந்து விலக்கி மடியுங்கள். முதலில் வால், கடைசியில் மூக்கு. அப்படியும் வரவில்லை என்றால் அச்சோடு பத்து நிமிடம் ஃபிரீசரில் வைத்து எடுங்கள், தானாக விழும்.

சிவப்பைப் பற்றி: அடர் சிவப்பு வரும்வரை நிறமியைக் கொட்டினால் மாவு இளகிப்போகும், நாக்கிலும் கசக்கும். சிவப்பாகவே விற்கும் மாவை வாங்கிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் முதல்நாளே நிறமியைச் சற்றுக் குறைவாகக் கலந்து மூடிவையுங்கள். மறுநாள் காலையில் நிறம் இன்னும் அடர்ந்திருக்கும்.

---

எட்டாம் கிராஸ் எழுதியது:

மர அச்சைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் என் தாயார் காலம்வரை ஒவ்வொரு தை மாதத்துக்கு முன்பும் சக்கரை அச்சு வார்ப்போம். உங்கள் மாமியார் சொன்னது முற்றிலும் சரியான முறை, ஆனால் அது வேறு பொருளுக்கு உரிய முறை.

சக்கரை அச்சுக்குச் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, சிறிது பால் விட்டு அழுக்கை எடுத்து, பாகு வெளுக்கும்வரை கடைந்து, கொதிக்கக் கொதிக்க அச்சுக்குள் ஊற்றுவோம். காய்ந்த மரமாக இருந்தால் அந்தப் பாகை மரம் உறிஞ்சிவிடும். பிறகு உளி கொண்டுதான் எடுக்க வேண்டும். அதனால்தான் அச்சை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப்போட்டு, மரத்தின் தாகத்தை அடக்கிவிட்டு, இரு பாதிகளையும் ரப்பர் வளையத்தால் கட்டி ஊற்றுகிறோம். சூட்டில் இருக்கும் பாகு ஈரமான மரத்தைத் தொட்ட உடனே மேற்பரப்பில் உறைந்து, மரத்தை விட்டு விலகி நிற்கும். ஃபாண்டன்டோ குளிர்ந்த மாவு. அது ஈரத்தைத் தொட்டால் மேற்பரப்பில் உள்ள சர்க்கரை கரைந்து பசையாகிவிடும். நீங்கள் ஊறவைத்த ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பசையைத்தான் தயார் செய்திருக்கிறீர்கள்.

அச்சை இப்போது வெயிலில் போட்டுவிடாதீர்கள், வெடித்துவிடும். நிழலில் நாலைந்து நாள் காற்றாட வையுங்கள். பூச்சி அரித்திருந்தாலோ, யாராவது எப்போதாவது வார்னிஷ் பூசியிருந்தாலோ, உண்ணும் பொருளை அதில் நேரடியாக வைக்க வேண்டாம். நன்றாக இருந்தால் கார்ன்ஃப்ளாரை மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து, குழியெங்கும் தட்டித் தூவி, அச்சைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு அழுத்துங்கள். மர அச்சு வளையாது என்பதால் 48 கிளிகளை இப்படி எடுப்பது பெரும்பாடு. ஆனால் 48 எடுக்கத் தேவையும் இல்லை. குறையில்லாத ஒரே ஒரு கிளியை எடுத்துவிட்டால் போதும். அதைக் காயவைத்து, அதன்மேல் சிலிகான் அச்சு எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மாமியார் வீட்டு இறகு வரிகள் அப்படியே வந்துவிடும். கப்கேக்குக்குத் தட்டையான முதுகு போதும். அச்சின் ஒரு பாதியே வேலையை முடித்துவிடும்.

---

வெண்சர்க்கரை எழுதியது:

அச்சுவெல்லம் அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன், ஃபிரீசரைத் தவிர. அதை நான் அழுத்தமாக மறுக்கிறேன்.

ஃபிரீசரிலிருந்து வெளியே வரும் எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியும். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு வெளியே வியர்ப்பதை நாம் பார்க்கிறோமே, அதேதான். செம்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது, சர்க்கரை கரைந்துவிடும். மாசி, பங்குனியில் பெங்களூர்க் காற்று வறண்டிருப்பதால் அது பெரிதாகத் தெரியாது. ஆனியிலிருந்து ஐப்பசிவரை இங்கே காற்றில் ஈரம் மிகுந்திருக்கும் நாள்களில், ஃபிரீசரிலிருந்து எடுத்த பொம்மை ஐந்து நிமிடத்தில் பளபளக்கத் தொடங்கி, பத்தாவது நிமிடத்தில் ஒட்டத் தொடங்கிவிடும். இறகு வரிகளுக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு, அந்த வரிகளின் கூர்மையை நாமே மழுக்குவது எதற்கு?

சி.எம்.சி. கலந்த மாவை அச்சிலேயே கால்மணி நேரம் விட்டுவையுங்கள். மேற்பரப்பு தானாக இறுகி, சுத்தமாக விலகும். ஓர் அச்சில் கால்மணிக்கு ஒன்று என்றால் 48 கிளிகளுக்கு 12 மணி நேரம் ஆகும். ஆகவே ஒரே மாதிரியாக நான்கு அச்சுகள் செய்துகொள்ளுங்கள். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

---

அச்சுவெல்லம் எழுதியது:

வெண்சர்க்கரை அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனாலும் நான் ஃபிரீசரை முழுதாகக் கைவிடமாட்டேன். வியர்த்த பொம்மையைத் தொடாமல் மின்விசிறிக் காற்றில் விட்டுவிட்டால் அரைமணியில் உலர்ந்துவிடுகிறது. வியர்த்திருக்கும்போது விரல் வைப்பதால்தான் பெரும்பாலான பொம்மைகள் கெடுகின்றன. இருந்தாலும் இது ஐப்பசி வேலை, அதுவும் சென்னைக்குப் போக வேண்டிய வேலை என்பதால், இந்த முறை அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

---

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டாம் கிராஸ் ஐயா சொன்னதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "அட, பாகுக்கும் மாவுக்கும் வித்தியாசம் உண்டு என்று எனக்கே தோன்றவில்லையே" என்று அவரே கார்ன்ஃப்ளார் முடிச்சைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது முயற்சியில் ஒரு கிளி முழுதாக வந்தது. மூன்று நாள் காயவைத்திருக்கிறேன்.

இப்போது இரண்டு ஐயங்கள். சிலிகான் அச்சு எடுக்கும் பசையில் எதை வாங்க வேண்டும்? இன்னொன்று, நாத்தனாரின் புகுந்த வீட்டில் எல்லோரும் சுத்த சைவம். நான் வாங்கிய ஃபாண்டன்ட் டப்பாவில் ஜெலட்டின் என்று போட்டிருப்பதை இன்றுதான் கவனித்தேன். ஜெலட்டின் இல்லாமல் அச்சுக்குத் தக்க மாவைச் செய்ய முடியுமா?

---

பிரேசர் டவுன் அடுமனை எழுதியது:

ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. நீங்கள் கவனித்தது நல்லதாயிற்று. பச்சைப் புள்ளி போட்ட ஃபாண்டன்டும் கடைகளில் இருக்கிறது. வீட்டிலேயே செய்வதானால் ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர் பொடியைப் பயன்படுத்தலாம். நம் வீடுகளில் கடற்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் சொல்வது இதைத்தான்.

என் அளவைத் தருகிறேன். ஒரு தேக்கரண்டி அகர் பொடியை 40 மில்லி தண்ணீரில் கலந்து, கொதி வந்து பொடி முழுதும் கரையும்வரை சிறு தீயில் கிளறுங்கள். ஜெலட்டின்போல வெந்நீரில் ஊறவைத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அகர் கொதித்தால்தான் கரையும். கரைந்ததும் 80 கிராம் குளுக்கோஸ் பாகு, அரை மேசைக்கரண்டி கிளிசரின், ஒரு மேசைக்கரண்டி வனஸ்பதி ஆகியவற்றைச் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் 500 கிராம் சலித்த ஐசிங் சர்க்கரையில் ஊற்றிப் பிசைய வேண்டும். தாமதித்தால் அகர் உறைந்து மாவில் மணல்மணலாக நிற்கும். இந்தத் தவறை நானே இரண்டு முறை செய்து மாவைக் கொட்டியிருக்கிறேன். சென்னைக்கான மாவில் கிளிசரினை விட்டுவிடுங்கள். அது ஈரத்தை இழுக்கும் பொருள். அச்சு மாவுக்கு அந்த நெகிழ்ச்சி வேண்டியதும் இல்லை. ஒருநாள் மூடிவைத்த பிறகு சி.எம்.சி. சேருங்கள். இதுவும் மரநாரிலிருந்து வருவது, சைவம்தான்.

அளவுக்கணக்கு: கிளி 12 கிராம், வளையல் 4, மாங்காய் 5 என்று கொண்டால் ஒரு கப்கேக்குக்கு 21 கிராம், 48க்கு ஏறக்குறைய ஒரு கிலோ. உடைவதற்கென்று ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செய்யுங்கள்.

சிலிகான் பசையில் உணவுத் தரம் என்று பொட்டலத்தில் தெளிவாக எழுதியிருக்கும் பிளாட்டினம் வகையை மட்டும் வாங்குங்கள். கைவினைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளீய வகை உணவுக்கு ஆகாது. இரு நிற உருண்டைகளைச் சம அளவு எடுத்து, கோடு மறையும்வரை பிசைந்து, கிளியின்மேல் பொதித்து அழுத்துங்கள். முகத்தின் மேல் முதலில் வைத்து வெளிப்பக்கமாக அழுத்தினால் காற்றுக்குமிழி தங்காது. முக்கியமான ஒன்று: லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு பிசையாதீர்கள். அதிலுள்ள கந்தகம் பட்டால் பிளாட்டினம் சிலிகான் இறுகாமல் கடைசிவரை பிசினாகவே இருந்துவிடும். கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது.

---

பொன்வளை எழுதியது:

சிவப்பு வளையலின் மேல் தங்கப்பொடியைத் தூரிகையால் தடவினால் மிக அழகாக இருக்கும். கடையில் பல நிறங்களில் கிடைக்கிறது.

---

வெண்சர்க்கரை எழுதியது:

பொன்வளை அவர்களே, யோசனை அழகானதுதான். ஆனால் பொடி வாங்கும்போது மிகுந்த கவனம் வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். "நச்சில்லாதது" என்று போட்டிருப்பதும் "உண்ணத் தகுந்தது" என்பதும் ஒன்றல்ல. 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டன. கேக்கின் மேல் தடவியிருந்த ரோஜாப்பொன் நிறப் பொடியில் மிகுதியாக இருந்தது செம்பு. அது அலங்காரப் பொருளுக்கான பொடி, உணவுக்கானது அல்ல.

நாம் செய்வது கர்ப்பிணிப் பெண்ணின் கையில் கொடுக்கப்போகும் கப்கேக். டப்பாவின் மேல் சேர்பொருள் பட்டியலும், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் சின்னமும், 14 இலக்க உரிம எண்ணும் இல்லாத பொடியை வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். சில்லறையாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதையும் வாங்க வேண்டாம்.

---

மயிலை மாடவீதி எழுதியது:

நான் சென்னையிலிருந்து எழுதுகிறேன். ஐப்பசி அடைமழையில் இங்கே உப்பு ஜாடியே கசியும். உங்கள் ஊரில் கல்போல் உலர்ந்த கிளி இங்கே ஒரே இரவில் தளர்ந்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

சென்ற ஆண்டு என் அக்கா மகனின் பிறந்தநாளுக்கு ஒரு கடையில் சொல்லிவைத்து வாங்கிய கேக்கில், விப்பிங் கிரீமின் மேல் ஃபாண்டன்ட் யானைகளை வைத்திருந்தார்கள். வெட்டும் நேரத்தில் யானைகளின் கால்கள் கிரீமுக்குள் கரைந்து இறங்கியிருந்தன. குழந்தை அழுதுவிட்டான். எனவே விப்பிங் கிரீம் வேண்டவே வேண்டாம். வெள்ளைச் சாக்லேட்டைக் கிரீமோடு கலந்து செய்யும் கனாஷ் போடுங்கள். இந்த ஊர் வெப்பத்துக்கு மூன்று பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் என்ற அளவில் கெட்டியாக இருக்கட்டும். கிளிகளின் முதுகில் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால், கீழிருந்து ஈரம் ஏறாது.

கப்கேக்கின் மேல் பொம்மைகளை வைத்துக்கொண்டு பயணம் செய்யாதீர்கள். அட்டைப் பெட்டியில் டிஷ்யூத் தாளை அடுக்கி, பொம்மைகளைத் தனியே கொண்டுவந்து, விழா நாளன்று காலையில் இங்கே ஒட்டுங்கள். இன்னொன்றும் உண்டு. ஏசி காரில் ஆறேழு மணி நேரம் குளிர்ந்த பெட்டியை மயிலாப்பூரில் இறக்கிய உடனே திறந்தால், மேலே ஃபிரீசருக்குச் சொன்ன அதே வியர்வை இங்கேயும் வரும். பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அறையில் வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

---

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

வளைகாப்பு நேற்று நல்லபடியாக நடந்தது. நடந்ததை எழுதாமல் இருந்தால் நன்றி சொன்னதாக ஆகாது.

மர அச்சில் எடுத்த ஒரு கிளியிலிருந்து நான்கு சிலிகான் அச்சுகள் எடுத்தேன். காய்ந்த கிளி சற்றே சுருங்கியிருந்ததால் புதிய கிளிகள் மாமியாரின் அச்சைவிட ஒரு நூல் சிறியவை, வரிகளில் குறையில்லை. ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் 58 கிளிகள் செய்தோம். மூக்கு உடைந்தவை இரண்டே. கூம்பை முதலில் இறக்கும் முறைதான் அதற்குக் காரணம். சிவப்பு மூக்கைத் தனியே ஒட்டாமல், கடுகளவு சிவப்பு மாவை முதலில் மூக்குக் குழியில் வைத்து, அதன் பின்னால் பச்சை மாவை அழுத்தினேன். இரண்டும் ஒன்றாகவே வெளிவந்தன. வளையல்களை மாவுப்பலகையின் மேல் கிடத்தாமல், ஒரு மெல்லிய மரக்கோலில் கார்ன்ஃப்ளார் தூவிக் கோத்துக் காயவைத்தோம். தங்கப்பொடி போடவில்லை.

பயணத்தில் மூன்று கிளிகள் உடைந்தன. வளையல் பெட்டியைத்தான் நாத்தனாரின் மாமியார் ஆவலோடு உடனே திறந்துவிட்டார்கள். அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி நின்றதில் பத்து வளையல்கள் வியர்த்துவிட்டன. யாரும் தொடாமல் மின்விசிறியின் கீழ் வைத்தோம், எட்டு தேறின. அச்சுவெல்லம் அக்கா சொன்னது அந்த இடத்தில் கைகொடுத்தது. கிளிப் பெட்டியை ஒரு மணி நேரம் கழித்தே திறந்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கிளிகள் தட்டினால் டொக்கென்று ஒலித்தன.

ஒரு பாட்டி கிளியைத் தின்னாமல் தாம்பூலப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, இது எந்த ஊர் அச்சு என்று என் மாமியாரைக் கேட்டார். மாமியார் மல்லேஸ்வரம் என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

தை மாதம் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்துவிடும். புண்ணியாகவாசனத்துக்கு அதே டிரங்குப் பெட்டியிலுள்ள யானை அச்சை எடுக்கலாம் என்றிருக்கிறோம். அதன் தும்பிக்கை தனியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கிளி மூக்கைவிட மெல்லியது. என்ன செய்யலாம்?

---

அச்சுவெல்லம் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, தங்கையே. தும்பிக்கையில் பாதியளவு மாவை நிரப்பி, வறுக்காத சேமியாவில் ஒரு துண்டை அதன் நெடுகக் கிடத்தி, மேலே மீதி மாவை அழுத்துங்கள். சேமியாவின் மறுமுனை யானையின் தலைக்குள் அரை அங்குலமாவது போக வேண்டும். பல்குச்சி வேண்டாம்; குழந்தைகள் கடித்துவிடுவார்கள்.